அத்தர் நானாவின் கடல்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கு, ஒரு மணத்தைப் பற்றி எழுதித் தரும்படி இதுவரை எந்த ஆசிரியரும் பணித்ததில்லை. செய்திக்கு மணம் கிடையாது. குண்டு வெடித்த இடத்திலும், 2004 டிசம்பரில் கடல் வந்து திரும்பிய கரையோரக் கிராமங்களிலும் நின்ற செய்தியாளர்கள் எவரும் அந்த மணங்களை மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் மறுநாள் பத்திரிகையில் வந்தவை எண்ணிக்கைகளும் பெயர்களும் அமைச்சர்களின் அனுதாபச் செய்திகளுமே. மூக்கு சேகரித்த தகவலுக்குப் பத்தியில் இடம் ஒதுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மொழியிலும் அதற்கு இடம் குறைவு என்றே தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் மீன் வெடில் என்போம், கிடாயின் மொச்சை என்போம், பழஞ்சோற்றின் புளிச்சல் என்போம். வேண்டாத மணங்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கும் நாம், வேண்டிய மணங்களுக்கு வாசம், வாசனை, நறுமணம் என்று மூன்று நான்கு பொதுச் சொற்களையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். 'நாற்றம்' என்ற அருமையான பழஞ்சொல்லைக் கூட, அது நறுமணத்தைக் குறித்த காலத்திலிருந்து இழுத்து வந்து சாக்கடைக்குள் தள்ளிவிட்டோம். ஆகவே, கொழும்பு புறக்கோட்டையில் அத்தர்க் கடை நடத்தும் பால்ய நண்பர் அண்மையில் ஒரு சிறு குப்பியை என் கையில் தந்து, "மச்சான், இதுக்கு லேபிளில போட மூண்டு வரி எழுதித் தா" என்று கேட்டபோது, மூன்று வரி என்பது எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்கு உடனேயே புரிந்துவிட்டது.

கால் தோலாக் குப்பி அது. கண்ணாடி மூடியின் அடியில் ஒரு கண்ணாடிக் குச்சி. உள்ளே தேன் நிறத்தில் எண்ணெய். மசாலாவும் மரமும் கடலும் கலந்த வாசனை என்று நண்பர் சொன்னார். அதன் பிறகுதான் உண்மையான வேண்டுகோள் வந்தது.

"நல்லா இருக்கா எண்டு நான் கேக்கேல்ல. அதுதானா எண்டு சொல்லு."

எது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவருடைய தந்தையாரை யாழ்ப்பாண நகரத்தில் எல்லோரும் அத்தர் நானா என்றே அழைத்தனர். பெரியகடைப் பக்கத்தில் ஒரு சந்துக்குள், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவிலான கடை. 1980 அளவில், பத்துப் பதினொரு வயதுப் பையனாக, பள்ளிக்கூடம் விட்டு நண்பருடன் அங்கு போவேன். மரத் தட்டுகளில் சிறிதும் பெரிதுமாகக் குப்பிகள். மல்லிகை, ரோஜா, கஸ்தூரி என்று பெயர் எழுதிய குப்பிகள் விற்பனைக்கு. பெயர் எழுதாத ஒரு குப்பி விற்பனைக்கல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படும் முன்னர், ஒரு பொட்டுப் பஞ்சை அதில் தோய்த்து நானா தமது காது மடலுக்குள் செருகிக்கொள்வார். மிச்சத்தை எங்கள் மணிக்கட்டுகளில் தடவிவிட்டு, "உரசக்கூடாது தம்பி, அது தானா வரும்" என்பார். அந்தக் கலவை அவரே செய்தது. தொழிலைத் தம் தகப்பனாரிடம் கற்றவர். அளவுகளை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறுவதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். அந்த மாதத்தின் பிற்பகுதியில் வடமாகாணத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இவ்வாறு வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் என் இனத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியிருந்தவர்கள். நகைகளும் பணமும் கூடப் பறிக்கப்பட்டன. உடுத்திருந்த துணியோடும் சில நூறு ரூபாவோடும் போனவர்கள் குப்பிகளை எங்கே கொண்டுபோவது? நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். சில நாள்களுக்குப் பின்னர் அந்தச் சந்தால் நடந்தபோது கடையின் கதவுகள் திறந்து கிடந்தன. நிலத்தில் கண்ணாடித் தூள். பல வாசனைகள் ஒன்றாகக் கொட்டுண்டால் இனிமையாக இருக்கும் என்று எவரேனும் நினைத்தால் அது தவறு. மூச்சு முட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்க முடிந்தது.

நானா புத்தளத்தில் ஓர் அகதிக் குடியிருப்பில் பல வருடங்கள் வாழ்ந்து அங்கேயே காலமானார். மகன் கொழும்புக்கு வந்து, பிறர் கடைகளில் நின்று, பின்னர் சொந்தக் கடை போட்டார். இப்போது, ஐம்பதுகளின் நடுப்பகுதியில், தகப்பனின் பெயரில்லாக் குப்பியை மீண்டும் செய்து பார்க்கிறார். எழுத்தில் எதுவும் இல்லாதபடியால் அவருக்கு உள்ள ஒரே ஆவணம், அதை மணந்தவர்களின் நினைவு. நானும் ஒரு சாட்சி. பல சாட்சிகளைப் பேட்டி கண்டவன் என்ற முறையில், நாற்பது வருடத்துக்கு முந்திய சாட்சியம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை நான் அறிவேன். எனினும் ஒரு நாள் முழுவதையும் அந்த எண்ணெய்க்கு ஒதுக்கினேன்.

காலை ஆறரை மணிக்கு, வாசனைச் சவர்க்காரம் போடாமல் குளித்து, இடது மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தேன். அற்ககோலில் கரைத்துத் தெளிக்கும் திரவியங்களுக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு அந்த முதல் நிமிடத்திலேயே தெரிகிறது. தெளிப்பது அற்ககோலோடு சேர்ந்து எழும்பி அறை முழுவதற்கும் செய்தி சொல்லும். எண்ணெய்க்கு அவ்வாறு ஏறிச்செல்லக் குதிரை இல்லை. தோலின் சூடு, அதாவது முப்பது முதல் முப்பத்துநான்கு பாகை வரையிலான அந்த இளஞ்சூடு, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கிளப்பவேண்டும். பாரம் குறைந்த மூலக்கூறுகள் முதலிலும் பாரம் கூடியவை கடைசியிலும் வெளிக்கிடும். நானா உரசக்கூடாது என்று சொன்னதன் நியாயமும் இதுதான். உரசினால் வாசனை 'நசுங்கிவிடும்' என்று சிலர் சொல்வது கட்டுக்கதை. ஆனால் உரசலின் சூட்டில் முதல் வரிசையில் நிற்பவை அவசரப்பட்டு ஓடிவிடும். ஆறுதலாக வரவேண்டிய ஊர்வலம் குழம்பிப்போகும்.

முதலில் வந்தது ஏலம். ஏலத்தில் யூக்கலிப்டஸ் தைலத்திலுள்ள அதே சினியோல் இருப்பதால் ஒரு குளிர்ச்சி மூக்கைத் தொட்டு விலகியது. ஐந்து நிமிடம் கூட நிற்கவில்லை. அதன் பின்னால் கராம்பு. கராம்பை மணந்தவுடன் பல்வலி ஞாபகம் வருவது என் தலைமுறையின் சாபம். பல் வைத்தியர் வைத்த பஞ்சின் யூஜினோலும் இதே யூஜினோல்தான். ஆனால் இங்கே அது மருந்தாக நிற்கவில்லை. கறுவா அதைக் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் திருப்பியிருந்தது. நண்பர் பயன்படுத்துவது கறுவாப் பட்டை எண்ணெயையா இலை எண்ணெயையா என்று தொலைபேசியில் கேட்டேன். இலை எண்ணெய்தான் என்றார். பட்டை எண்ணெயில் உள்ள சினமல்டிஹைட் இனிப்பும் உறைப்புமாக மிக அழகாக மணக்கும். ஆனால் தோலை எரிக்கும். இலை எண்ணெயில் பெரும்பகுதி கராம்பைப் போல யூஜினோல். அதையும் அளந்துதான் போடவேண்டும். உலகத்துக்குக் கறுவாவை அனுப்பிய நாட்டின் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா?

இந்த மசாலாப் பகுதியைப் பொறுத்தவரை எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. அது நானாவின் கடைதான்.

எட்டு மணியளவில் கடல் வந்தது. அங்கேதான் தகராறு.

கடலின் மணம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்க்கவேண்டும். உப்புக்கு மணமில்லை. கடற்கரைக் காற்றில் நமது மூக்கு அடையாளம் காணும் முக்கியமான பொருள் டைமெதில் சல்பைட் என்ற வாயு. கடலின் நுண்ணுயிர்கள், நுண்பாசிகளில் உள்ள ஒரு பொருளைச் சிதைக்கும்போது அது உண்டாகிறது. அதற்குக் காரணமான மரபணு ஒன்றை இங்கிலாந்தின் கிழக்கு அங்கிலியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் கண்டறிந்து வெளியிட்டனர். கடற்பறவைகள் இந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு இரை தேடுகின்றன. மிகச் சிறிதளவில் அது கடல்; அளவு கூடினால் அவிந்த கோவா. எனவே வாசனைக்காரர்கள் இதை நம்பிக் கடல் செய்வதில்லை.

அவர்களுடைய கடல் ஓர் ஆய்வுகூடத்தில் பிறந்தது. 1966இல் பைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் மன அமைதி மருந்துகள் தொடர்பான ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்த பொருள் கலோன். சிப்பியும் காற்றும் வத்தகப்பழமும் (தமிழ்நாட்டு அன்பர்கள் தர்ப்பூசணி என்று வாசிக்கவும்) ஒன்றாகச் சேர்ந்தாற்போல மணக்கும். இருபது வருடங்களுக்கு மேல் பெரிதாகத் தேடுவாரற்றுக் கிடந்த அது, 1990களில் உலகெங்கும் வெளிவந்த 'நீர்வகை' வாசனைகளில் தாராளமாக ஊற்றப்பட்டது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டிகளில் நீலநிறப் போத்தல்கள் வரத்தொடங்கிய காலமும் அதுதான். அன்று முதல் இரண்டு தலைமுறைக்குக் கடல் என்றால் வத்தகப்பழம் என்றாகிவிட்டது. எனக்கு அந்த வகை வாசனைகள் மீது மதிப்பில்லை. அவை நட்சத்திர விடுதியின் நீச்சல் தடாகத்தில் இருந்து கடலைப் பார்ப்பவர்களின் கடல்.

நண்பரின் குப்பியில் கலோன் இருந்தது. மசாலா தணியும் இடத்தில், மரம் எழும்பும் முன்னர், அந்தப் பளபளப்பான வத்தகை தலைகாட்டி ஒன்றரை மணிநேரம் நின்றது. 1980இல் பெரியகடைச் சந்துக்குள் இருந்த ஒரு முதியவரின் குப்பிக்குள் அது வந்திருக்க நியாயமே இல்லை.

அப்படியானால் நானாவின் கடல் எது? பழைய அத்தர்காரர்களிடம் கடலுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அம்பர். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் குடலில், செமிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகி, வெளியேறி, ஆண்டுக்கணக்கில் கடலில் மிதந்து வெயிலிலும் உப்பிலும் பக்குவப்பட்டுக் கரையொதுங்கும் பொருள். புதிதில் கறுத்து எருவைப் போல மணப்பது, முதிர முதிர நரைத்து, புகையிலையும் பழைய மரமும் கடலும் கலந்த ஓர் இனிமைக்கு வந்துவிடும். கற்பிட்டிக் கடலிலும் திருகோணமலைக் கடலிலும் அந்தத் திமிங்கிலங்கள் உண்டு என்றாலும், சந்துக்கடை நானாவுக்கு உண்மையான அம்பர் எட்டாத விலை. அதன் மணத்துக்கு ஆதாரமான பொருளை ஒருவகைச் செடியின் சாரத்திலிருந்து செய்யும் முறையை சுவிட்சர்லாந்து நிறுவனமொன்று 1950களில் கண்டுபிடித்துவிட்டது. இன்றைக்குக் கடைகளில் அம்பர் என்று மணப்பதில் பெரும்பாலானவற்றுக்குத் திமிங்கிலத்தைத் தெரியாது.

இரண்டாவது வழி எளியது. சிப்பி, சங்கு ஓடுகளைச் சுட்டு அதில் வடியும் கறுத்த எண்ணெயை எடுப்பது. வட இந்திய அத்தர்காரர்கள் இதை 'சோயா நக்' என்பர். தனியே மணந்தால் புகையும் தோலும் கருகலும் மட்டுமே தெரியும். ஒரு துளியைச் சந்தனத்தில் விட்டால், தூரத்தில் யாரோ கரையில் நெருப்பு மூட்டியிருப்பது போல ஒரு கடல் வரும். நானாவின் குப்பியில் புகை இருந்தது என்று என் ஞாபகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ஆனால் ஒரு சாட்சியாக இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தக் கடையில் நின்று மணந்த நாள்களில் வைகாசி முதல் புரட்டாதி வரை தெற்கிலிருந்து சோளகம் வீசும். பண்ணைக் கடலின் சேறு, சாதாளை, காயும் கருவாடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு சந்துக்குள் புகும். நான் கடல் என்று நினைவில் வைத்திருப்பது குப்பிக்குள் இருந்ததா, கதவால் வந்ததா? இதை நண்பரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "காத்தை நான் எங்க வாங்கிறது?" என்றார்.

பத்து மணிக்குப் பின்னர் மரம். அதற்குப் பிறகு மாலை வரை மரமே. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஆசை; ஏனெனில் ஓர் அத்தரின் நேர்மை அதன் அடியில் தெரியும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் இன்றும் செம்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு, மூங்கில் குழாய் வழியே ஆவியைக் கடத்தி, மறுமுனைப் பாத்திரத்தில் காத்திருக்கும் சந்தன எண்ணெய்க்குள் இறக்கி அத்தர் வடிக்கிறார்கள். சந்தனம் தன் மணத்தைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு பிற மணங்களுக்கு இருக்க இடம் கொடுக்கும். சந்தனத்தின் விலை ஏறிய பிறகு பலர் அந்த இடத்தில் மணமற்ற பரபின் எண்ணெயை வைத்துவிட்டார்கள். முதல் அரைமணிநேரம் வேறுபாடு தெரியாது. மத்தியானம் பார்த்தால் கையில் ஒன்றும் இருக்காது. நண்பரின் குப்பியில் சந்தனம் இருந்தது. பதுளைப் பக்கத்தில் வளர்ந்த மரத்தின் எண்ணெய் என்றார். மைசூரின் சந்தனத்துக்கும் இதற்கும் இனம் ஒன்றுதான். பால் காய்ச்சும்போது ஆடை கட்டும் நேரத்து மணம் என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

அதற்கும் அடியில் அகில். கிழக்குக் காற்றோடு அகிலும் சந்தனமும் கருப்பூரமும் மரக்கலங்களில் மதுரைக்கு வந்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை சொல்லும். அப்படித் தூரதேசப் பொருளாகவே நாம் அறிந்திருந்த அகிலின் உறவுக்காரன் ஒருவன் நமது ஈரவலயக் காடுகளிலேயே நின்றான். வல்லப்பட்டை. கிராமத்தவர் பட்டையை உரித்துக் கயிறு திரித்த மரம். அதன் காயப்பட்ட தண்டில் அகிலைப் போன்ற பிசின் ஊறுகிறது என்பது 2012 அளவில் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் ஆய்வினால் உறுதியாயிற்று. அதைச் சுற்றிய காலத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வல்லப்பட்டைக் கடத்தல்காரர் பிடிபட்ட செய்திகளை நானே பலமுறை செப்பனிட்டிருக்கிறேன். கிலோக் கணக்கும் ரூபாக் கணக்கும் போட்டோம். அது எப்படி மணக்கும் என்று அப்போது செய்திப்பிரிவில் எவரும் கேட்கவில்லை. ஈரமான பழைய அலுமாரியைத் திறப்பது போல, அதற்குள் யாரோ தேனைச் சிந்திவிட்டது போல மணக்கும்.

மாலை நான்கு மணிக்கு எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே போய் வந்த மனைவி வாசலிலேயே நின்று, "வீட்டில கலியாணமே?" என்று கேட்டாள். தொடர்ந்து நுகரும் மணத்தை மூக்கு ஒரு கட்டத்தில் அறிவிப்பதை நிறுத்திவிடுகிறது. தன் மணம் தனக்குத் தெரியாது, வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

என் அறிக்கையை நண்பரிடம் கொடுத்தேன். மசாலா சரி, மரம் சரி, கடல் பிழை. கலோனை எடுத்துவிட்டுச் சுட்ட சிப்பியைப் போடு. அவர் அதன்படி இன்னொரு குப்பி செய்து, இருவரும் அதை எடுத்துக்கொண்டு புத்தளம் போனோம். அவருடைய உம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கண் மங்கல், காது பரவாயில்லை, மூக்குக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக் குரலால் அடையாளம் கண்டு, "யாழ்ப்பாணத்துத் தம்பியோ" என்றார். குப்பியைத் திறந்து மூக்கருகே பிடித்ததும் தலையை ஆட்டினார். "இது தான். புகைக் குப்பி."

நண்பரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பட்டது.

பிறகு அவர் தமது கையை நீட்டினார். மகன் மணிக்கட்டில் தடவினார். சற்று நேரம் வைத்திருந்து மணந்தார். மகனின் கையிலும் தடவச் சொல்லி அதையும் மணந்தார். என் கையையும் இழுத்து மணந்தார். மூன்றும் மூன்று விதமாகத்தான் இருந்திருக்கும். தோலின் எண்ணெய்ப்பசை, வியர்வை, சூடு எல்லாம் ஆளுக்காள் வேறு.

"எண்ணெய் அதுதான் மோனே," என்றார். "வாப்பாவின்ர கையில இது இப்பிடி இருக்காது."

"எப்பிடி இருக்கும் உம்மா?" என்று நண்பர் கேட்டார்.

அவர் யோசித்தார். எண்பத்தாறு வயது மனுஷி, நாற்பது வருடம் கூடவிருந்த ஒருவரின் மணத்துக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. தேத்தண்ணீர் போடச் சொன்னார்.

திரும்பும் வழியில் சிலாபத்தில் பஸ் நின்றபோது நண்பர் லேபிளைப் பற்றிக் கேட்டார். கடல் என்ற சொல்லைப் போடவேண்டாம், வாங்குகிறவர்கள் வத்தகப்பழத்தைத் தேடுவார்கள் என்றேன். நான் எழுதிக்கொடுத்த மூன்று வரிகள் இவை: கராம்பு, கறுவா, ஏலம். சந்தனம், அகில், சுட்ட சிப்பி. உரசக்கூடாது.

கடைசி வரிக்கு மட்டும் அவர் ஒரு சொல் கூட்டினார். 'உரசக்கூடாது, தம்பி' என்றே அச்சாகியிருக்கிறது. பெண்களும் வாங்குவார்களே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.